டயரில் எத்தனை இறாத்தல்?

‘டயர் வெடித்ததனால் சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியோரத்து மரத்துடன் மோதி விபத்துக்குள்ளானது.’ இந்த வசனத்தை, அல்லது இதைச் சற்றே மாற்றியமைத்த ஒரு வசனத்தை, எனது பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன், மற்றவர்கள் எழுதியனுப்பியதை எத்தனை தடவை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. பிரதேச நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொன்ன காலத்திலும், பின்னர் தொலைநகலில் அனுப்பிய காலத்திலும், இன்று கைத்தொலைபேசியிலேயே தட்டி அனுப்புகின்ற காலத்திலும் அந்த வசனம் மட்டும் மாறவேயில்லை. அதை எழுதிவிட்டால் விபத்துக்குக் காரணம் சொல்லியாயிற்று என்ற திருப்தி செய்தியாளனுக்கு. வாசித்துவிட்டால் ‘விதி’ என்று பெருமூச்சுவிட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம் என்ற வசதி வாசகனுக்கு. அந்த டயர் ஏன் வெடித்தது என்ற கேள்வியை நாம் எவருமே கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு உணர்த்தியவர் எம்முடன் ஒப்புநோக்காளராகப் பணியாற்றிய ஒரு நண்பர். 2004 ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். ஏ – 9 வீதி திறந்திருந்தது. பல வருடங்களாக ஊருக்குப் போகமுடியாதிருந்த குடும்பங்கள் எல்லாம் நல்லூர்த் திருவிழாவுக்காகக் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து யாழ்ப்பாணம் சென்றுகொண்டிருந்தன. நண்பரும் தனது பழைய ஜப்பானியக் காரில் மனைவி, பிள்ளைகள் இருவர், மாமன், மாமி என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பின்பெட்டி மூடமுடியாத அளவுக்குப் பொதிகளுடன் புறப்பட்டார். புத்தளத்தைத் தாண்டி அநுராதபுரம் செல்லும் வீதியில் நண்பகல் வேளையில் பின்பக்கத்து டயர் ஒன்று வெடித்தது. அவரது மனைவி அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான். மேலே முதல் வரியில் இருக்கின்ற வசனத்தைத்தான் எழுதினேன்.

அவர் மூன்று மாதங்களின் பின்னர் பணிக்குத் திரும்பினார். அந்த விபத்தைப் பற்றி எவரும் அவரிடம் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. பல வருடங்கள் கழித்து ஒரு மாலைப்பொழுதில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, யாரும் கேளாமலேயே சொன்னார். புறப்படுவதற்கு முதல்நாள் பெற்றோல் நிரப்பு நிலையத்தில் காற்றுப் பார்க்கச் சென்றிருக்கிறார். தூரப் பயணம், வீதியும் கொதிக்கும், சூட்டுக்குக் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும், ஆகவே கொஞ்சம் குறைத்துவிடுகிறேன் என்று அங்கிருந்த பையன் கூறியிருக்கிறான். இருந்த காற்றிலும் குறைத்து 24 இறாத்தலில் நிறுத்தியிருக்கிறான். “அவன் நல்லதுக்குத்தான் சொன்னவன்” என்றார் நண்பர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பையன் சொன்னதை இன்றும் நூற்றுக்கணக்கான சாரதிகள் நம்புகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. சூடானால் காற்று விரியும் என்பதைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். விரிந்தால் வெடிக்கும் என்று பலூனில் கண்டிருக்கிறோம். ஆனால், கார் டயர் பலூன் அல்ல. காரின் பாரத்தைத் தாங்குவது றப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. அது குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பித்துண்டை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தால் வளைகின்ற இடம் சுடுவதைப் போன்று, மடிந்து நிமிரும் றப்பரும் சூடேறுகிறது. வேகம் கூடக்கூட, பாரம் கூடக்கூட அந்தச் சூடும் கூடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் றப்பருக்கும் உள்ளே இருக்கும் உருக்குக் கம்பிப் பட்டைகளுக்கும் இடையிலான பிடிப்புத் தளர்ந்து, மேற்பகுதி கழன்று பறக்கிறது. வெளியில் நிற்பவருக்கு அது ‘வெடித்தது’ என்று கேட்கிறது. ஆக, வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைப்பவர் உண்மையில் சூட்டை அதிகரிக்கிறார். ஓடும்போது அமுக்கம் நான்கைந்து இறாத்தல் உயர்வது இயல்பு. அந்த உயர்வையும் கணக்கிலெடுத்துத்தான் கார் உற்பத்தியாளர்கள் குளிர்ந்த டயருக்கான அளவை நிர்ணயிக்கிறார்கள். இடைவழியில் நிறுத்தி, சூடான டயரில் அமுக்கம் கூடிவிட்டது என்று காற்றைத் திறந்துவிடுவதும் இதே தவறுதான்.

அப்படியானால் எத்தனை இறாத்தல்? எமது நாட்டில் இந்தக் கேள்வி ஒரு விசித்திரமான முறையில் கேட்கப்படுகிறது. காரைக் காற்றடிக்கும் இடத்தில் நிறுத்தியதும் அங்கிருப்பவர் எம்மிடம் “எத்தனை?” என்று கேட்கிறார். எமக்குத் தெரியாது. “வழமைபோல போடுங்கோ” என்கிறோம். அவர் முப்பதோ முப்பத்திரண்டோ போடுகிறார். எந்தக் காருக்கும் அதேதான். தெரியாதவரிடம் தெரியாதவர் கேட்டு, இருவரும் திருப்தியுடன் பிரிகிறோம்.

விடை காரிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. சாரதியின் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் அல்லது தூணில் சிறிய வில்லை ஒன்று இருக்கும். சில கார்களில் அது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். எந்த அளவு டயருக்கு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் முழுப் பாரத்துக்கென்று வேறாகக் கூடிய ஓர் அளவும் இருக்கும். எங்களிடம் ஓடுகின்ற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பாவித்துவிட்டு வந்தவை என்பதால் அந்த வில்லை ஜப்பானிய எழுத்தில் இருக்கிறது. அதுதான் எவரும் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால், இலக்கங்களை வாசிக்க ஜப்பானிய மொழி தேவையில்லை. அவை கிலோ பஸ்காலில் தரப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஏழால் வகுத்தால் இறாத்தல் கணக்கு வந்துவிடும். 220 என்றால் 32 இறாத்தல். 230 என்றால் 33. 250 என்றால் 36. எரிபொருள் சிக்கனத்துக்காக வடிவமைக்கப்பட்ட புதிய சிறு கார்கள் சிலவற்றில் இந்த அளவு 36 க்கும் மேலே போகிறது. அப்படிப்பட்ட காருக்கு வழமைபோல முப்பது போடுவது என்பது அதைக் காற்றுக் குறைந்த டயரில் ஓட்டுவதாகும்.

வேறொரு இலக்கம் டயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கிறது. 44 என்றோ 51 என்றோ இருக்கும். படித்தவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு ‘டயரிலேயே போட்டிருக்கிறதே’ என்று அந்த அளவுக்குக் காற்றடிப்பதைக் கண்டிருக்கிறேன். அது டயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அந்த டயரைச் செய்த தொழிற்சாலைக்கு அது எந்தக் காரில் பூட்டப்படப்போகிறது என்று தெரியாது. அவ்வளவு காற்றுடன் ஓடினால் டயரின் நடுப்பகுதி மட்டுமே நிலத்தில் படும். பிடிப்புக் குறையும், நடுப்பகுதி விரைவில் தேயும், குழியில் விழுந்தால் அடி நேராகச் சில்லின் வளையத்துக்குப் போகும்.

எமது தலைமுறைக்கு 24 இறாத்தல் போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ – 40 போன்ற கார்களில் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கார்களுக்கு 22, 24 இறாத்தல் என்ற அளவே உரியது. அன்றைய டயர்களின் அமைப்பும் வேறு. காற்றுக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். காலால் உதைத்துப் பார்த்தே நிதானிக்கக்கூடிய சாரதிகள் இருந்தார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட்டிய நாட்களில், காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்பும் சாரதியின் உதையும்தான் எமது அமுக்கமானி. இன்றைய ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்று இருக்கும்போதே சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணையும் காலையும் நம்பிய காலம் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

வில்லையில் உள்ளபடி செய்தால் போதும் என்று இந்தக் கட்டுரையை இத்துடன் முடித்துவிடலாம். ஆனால், அந்த வில்லையை எழுதியவர்களும் தவறிய ஒரு சம்பவம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அந்த இலக்கத்தின் மீதான பார்வை சற்று மாறும்.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை போர்ட் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் என்ற வாகனத்தில் பூட்டப்பட்டவை. வேகமாக ஓடும்போது டயரின் மேற்பகுதி கழன்று, உயரமான அந்த வாகனம் கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் மாத்திரம் 271 மரணங்கள் இந்த டயர்களுடன் தொடர்புபடுத்தப்பட்டன. சவூதி அரேபியாவிலும் வெனிசுவேலாவிலும் அதற்கு முன்னரே முறைப்பாடுகள் கிளம்பியிருந்தன. அமெரிக்காவுக்குள்ளும் டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களிலேயே அதிகம்.

இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அந்தச் சண்டையின் நடுவில் நின்றது ஓர் இலக்கம். எக்ஸ்புளோரருக்கு போர்ட் சிபாரிசு செய்த அமுக்கம் 26 இறாத்தல். பயர்ஸ்டோன் 30 தான் வேண்டும் என்றது. வாகனம் கவிழும் தன்மையைக் குறைப்பதற்கு டயர் அமுக்கத்தைக் குறைப்பதும் ஒரு வழி என்று போர்ட்டின் பொறியியலாளர்கள் ஆரம்பத்திலேயே பேசியிருந்தமை நிறுவனத்தின் உள்ளக ஆவணங்களிலிருந்து பின்னர் வெளிவந்தது. விசாரணை நடத்திய அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அதிகாரசபை பிரதான குறைபாட்டை டயர்களிலேயே கண்டது என்பதை நேர்மையுடன் சொல்லவேண்டும். 26 இறாத்தல் மாத்திரம் எவரையும் கொன்றுவிடவில்லை. ஆனால், டயரிலிருந்து மாதத்துக்கு ஓர் இறாத்தல் வரை தானாகவே கசிந்துபோகலாம். 30 இல் ஆரம்பித்து நான்கு மாதங்கள் கவனியாமல் விட்டவருக்கு 26 மிஞ்சும். 26 இல் ஆரம்பித்தவருக்கு 22 மிஞ்சும். அந்த 22 உடன் ஆட்களையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு டெக்சாஸ் வெயிலில் மணிக்கு 110 கிலோமீற்றரில் போகும்போது, பலவீனமான டயருக்கு மன்னிப்புக் கிடையாது. சரியான டயருக்குக்கூட அதிகம் கிடையாது. இறுதியில் போர்ட்டும் 30 இறாத்தலுக்கு வந்தது. 2001 மே மாதத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கால வர்த்தக உறவை பயர்ஸ்டோன் முறித்துக்கொண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நிலைப்பாடு இதுதான்: வில்லையில் உள்ள அளவை அடித்தளமாகக் கொள்ளவேண்டும். அதற்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. வெயிலுக்காகவோ, ஆசனத்தில் சொகுசாக இருப்பதற்காகவோ, யார் சொன்னாலுமோ குறைக்கக்கூடாது. காரில் ஆட்கள் நிறைந்து, பொதிகளும் நிறைந்து, அதிவேகப் பாதையில் மணித்தியாலக்கணக்கில் ஓடப்போவதாக இருந்தால், முழுப் பாரத்துக்கான அளவு வில்லையிலோ கைநூலிலோ தரப்பட்டிருப்பின் அதைப் பின்பற்றவேண்டும். தரப்படாவிட்டால் இரண்டு அல்லது மூன்று இறாத்தல் கூட்டிக்கொள்வதில் தவறில்லை. கார் சற்றுக் குலுங்கும். குலுங்கட்டும். பக்கச்சுவரில் உள்ள உச்ச அளவைத் தாண்டாதவரை அந்தத் திசையில் தவறுவதால் இழப்பது சொகுசும் கொஞ்சம் பிடிப்பும். மற்றத் திசையில் தவறுவதால் இழப்பதை எனது நண்பர் அறிவார்.

மழையிலும் இதே கதைதான். தேங்கி நிற்கும் நீரில் டயர் நிலத்தைவிட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்தை மதிப்பிடுவதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விமான டயர்களை வைத்து 1960 களில் ஒரு சூத்திரத்தை வகுத்தது. காருக்கு அது அப்படியே பொருந்தாது என்றாலும், போக்கை விளங்கிக்கொள்ள உதவும். அதன்படி 32 இறாத்தலில் மிதக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். 24 இறாத்தலில் 82. கொட்டும் மழையில் தெற்கு அதிவேகப் பாதையில் 90 இல் போய்க்கொண்டிருப்பவருக்கு இந்த வித்தியாசம் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

இனி, எப்போது அளப்பது? காலையில், காரை எடுப்பதற்கு முன்னர். பெற்றோல் நிரப்பு நிலையம் வரை ஐந்தாறு கிலோமீற்றர் ஓடிச்சென்று அளந்தால், சூட்டினால் ஏறிய அமுக்கத்தையும் சேர்த்தே மானி காட்டும். காற்றுக் குறைவாக இருந்தும் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே, சொந்தமாக ஓர் அமுக்கமானி வேண்டும். ஒரு தடவை பெற்றோல் நிரப்பும் செலவில் மிகச்சிறிய பங்குதான் அதன் விலை. பெற்றோலைப் பற்றிப் பேசுவதானால், நான்கு டயர்களிலும் ஓர் இறாத்தல் குறைந்தால் எரிபொருள் ஏறத்தாழ 0.2 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. 2022 இல் நாட்கணக்கில் வரிசையில் நின்று பெற்றோல் வாங்கிய எமக்கு அதுவும் ஒரு கணக்குத்தான். ஆனால், நான் இதைப் பணத்துக்காகச் சொல்லவில்லை.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 25 பாகை வெப்பத்தில் 32 இறாத்தல் காற்றடித்த டயரில், ரொறன்ரோவில் ஒரு மாசி மாதக் காலையில் மறை 15 பாகை குளிரில் 26 இறாத்தலுக்குக் கிட்டத்தான் இருக்கும். ஓட்டை எதுவுமில்லை, குளிரில் காற்றுச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதையும் நிரப்பத்தான் வேண்டும். உங்கள் கார்களில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்த விளக்கே பயர்ஸ்டோன் விவகாரத்தின் பின்னர் 2000 நவம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் விளைவு. 2008 மாதிரிகளிலிருந்து அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களுக்கும், 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமாகியது. அமெரிக்க விதியின்படி, நிர்ணயித்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பின்னரே அது ஒளிரவேண்டும் என்ற கட்டாயம். அதாவது 32 போட வேண்டிய டயர் 25 இல் இருக்கும்போதும் விளக்கு மௌனமாக இருக்கலாம்.

நுவரெலியாவில் காற்றடித்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கினால் என்னாகும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வெப்பம் கூடுவதால் அமுக்கம் ஏறும். உயரம் குறைவதால் வெளிக்காற்றின் அமுக்கம் கூடி மானி காட்டும் அளவு இறங்கும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன; ஓர் இறாத்தல் அளவில் குறையும். கவலைப்பட வேண்டியதில்லை.

நைதரசன் நிரப்புமாறு டயர்க் கடைகளில் வற்புறுத்துகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான். அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 30 இறாத்தல் நிரப்பிய டயர்களை ஒரு வருடம் ஓட்டாமல் வைத்துச் சோதித்தபோது, சாதாரண காற்று சராசரியாக 3.5 இறாத்தலும் நைதரசன் 2.2 இறாத்தலும் இழந்தன. வித்தியாசம் உண்டு, காசு கொடுக்கும் அளவுக்கு உண்டா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். நைதரசன் போட்டாயிற்று, இனிப் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து.

அரசாங்கம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக எமது கார்களைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்கிறோம். அந்த நிலையத்தில் நான்கு டயர்களின் காற்றையும் அளந்து, கதவில் உள்ள அளவுடன் ஒப்பிட்டு, சான்றிதழில் ஒரு வரி எழுதிக்கொடுப்பதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 வரை பெரும்பாலும் முடங்கிக்கிடந்ததால், வயது முதிர்ந்த கார்கள் முதிர்ந்த டயர்களுடன் ஓடிக்கொண்டிருக்கும் நாடு இது. காற்றே தேவைப்படாத திண்ம டயர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்ற எமக்கு, காற்றுள்ள டயரில் அந்தக் காற்றை அளந்துபார்ப்பது பெரிய காரியமாக இருக்கக்கூடாது. எரிபொருள் நிலையங்களில் பெற்றோல் அளவு சரியா என்று அதிகாரிகள் பரிசோதிப்பதைப் போன்று, அங்கிருக்கும் காற்றுமானிகளையும் பரிசோதித்து முத்திரையிட வேண்டும். ஒரே டயரை இரண்டு நிலையங்களில் அளந்து நான்கு இறாத்தல் வித்தியாசம் கண்டவன் நான்.

அண்மையில் இளம் செய்தியாளர் ஒருவர் தான் எழுதிய விபத்துச் செய்தியொன்றைப் பார்த்துத் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார். ‘டயர் வெடித்ததனால் சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த கார்…’ என்று ஆரம்பித்திருந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து, காரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். ஏழு பேர் என்றார். மிகுதி மூன்று டயர்களிலும் எத்தனை இறாத்தல் காற்று இருந்தது என்று கேட்டேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, பொலிஸாரிடம் கேட்டுவிட்டு மீண்டும் எடுப்பதாகச் சொன்னார்.